ஒரு செங்கல் இல்லாத சுவர்

ஆவுடைத்தாய் கல்யாணமாகி திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்துக்கு வந்தபோதே, அவள் அடுக்களைக்கும் பக்கத்து வீட்டு ராகேலின் அடுக்களைக்கும் ஒரே சுவர்தான். அதில் ஒரு செங்கல் இல்லை. ராஜா காலத்து எலி ஒன்று தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக ஆவுடைத்தாய் சொல்வாள். அந்த ஓட்டை வழியே கறிவேப்பிலை போனது, கிறிஸ்துமஸ் அச்சப்பம் வந்தது, பிள்ளைகளின் காய்ச்சல் சேதி போய் வந்தது. இரு பக்கமும் பால் குடித்த பூனைக்கு இரண்டு ரேஷன் கார்டு இருந்ததாம்.

ஆவுடைத்தாய் சைவம். ராகேல் மீன் வைத்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"ஏட்டி, அந்த நாத்தத்த ஒம் பக்கமே வச்சுக்கோ!"

"மீனுல போட்ட கொடம்புளி மணம் எக்கா. இழுத்து இழுத்து மோந்துட்டு நாத்தங்கீரா?"

குடும்பங்கள் பெருகின, இடம் பெருகவில்லை. இரண்டு வீட்டையும் பிரித்து, அதே செங்கல், அதே உத்தரங்களைக் கொண்டு, எட்டுக் குடும்பத்துக்கு நாலு மாடி வரைந்து வந்தாள் கட்டடப் படம் போடும் மலையாளப் பெண் ஆதிரா. நடுவில் கிணறு மாதிரி ஒடுங்கிய முற்றம்; சூடு அது வழியே மேலே போய்விடும், ஏசி வேண்டாம்.

யாருக்கு எந்த மாடி? சண்டை வராமலிருக்கச் சாமி விளக்கின் முன் சீட்டெடுப்போம் என்று அடம்பிடித்தவர்கள் இந்த இருவரும்தான். ஆவுடைத்தாய்க்குக் கீழ்த்தளம், ராகேலுக்கு உச்சி மாடி. விளக்கின் முன் எடுத்ததை மாற்றவும் மனமில்லை.

"அப்போ ஓட்டை எங்க?" என்றாள் ஆவுடைத்தாய். "அது இல்லாம நான் பத்திரத்துல ஒப்பு போட மாட்டேன்."

"நாலு மாடிக்கு ஓட்டை எங்ஙன போடும் அம்மே?" ஆதிரா சிரித்தாள். பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு அடுக்களை ஜன்னலும் முற்றத்துக்குத் திருப்பித் தராம். மதியா, போதுமா?"

"பழைய கிணத்துக் கப்பிய மேல மாட்டணும், கயித்துல கூடை கட்டி எறக்க," என்றாள் ஆவுடைத்தாய்.

மாட்டினார்கள்.

குடிவந்த முதல் ஞாயிறு. ஆவுடைத்தாய் ஜன்னலில் நின்று மூச்சை இழுத்தாள். சுண்ணாம்பு வாடைதான் இருந்தது.

"ஏட்டி ராகேல், மீன் வைக்கல்லியா?"

"வச்சாச்சு எக்கா! காத்து மேலதான போவுது. ஒம்ம சாம்பார் இங்க மணக்குது. ஒமக்கு இனி நிம்மதி, அல்லே?"

பழைய அடுக்களையின் கரிச்சுவர் ஆவுடைத்தாயின் கண்முன் வந்து நின்றது.

"எக்கா?"

"சட்டிய கூடையில வச்சு எறக்குட்டி."

"நீரு மீன் திம்பீரா!"

"திங்கதுக்குன்னு யாரு சொன்னா? மூடியத் தொறந்து பாத்துட்டு அனுப்புதேன்."

கப்பி கிறீச்சிட்டது. கூடை ஆடி ஆடி இறங்கியது. ஆவுடைத்தாய் மூடியைத் திறந்தாள். மூக்கைப் பொத்தவில்லை.