இரண்டு ஜாவாவும் ஒரு மாற்றல் உத்தரவும்

சென்னைக்குப் போயிருக்க வேண்டியவன் நான். என் இடத்தில் பிரபீரை அனுப்பிவைத்தது, நான் நோட்பேடில் எழுதிய இரண்டே வரி!

வங்காளத்து அலிப்பூரில் எங்கள் அலுவலகக் கணினியில், நிரல்களை ஓட்டும் ஜாவா மென்பொருள் பழசும் இருந்தது, புதுசும் இருந்தது. சம்பளக் கணக்கு பழசில்தான் ஓடும். புதிதாக வந்த சரக்குக் கணக்கோ பழசைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதிவைத்தேன். 'இந்த ஜாவாவை எடு, இந்தக் கணக்கை ஓட்டு'... அவ்வளவுதான் அதில் இருந்தது. இருமுறை சொடுக்கத் தெரிந்த எவரும் ஓட்டலாம்.

ஆனால் எவருக்கும் காட்டவில்லை. கண்ணில் படாத மூலையில் ஒளித்துவைத்தேன். கருப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடட்டும் என்று வேண்டாத வரிகளை வேறு சேர்த்தேன். என்ன கொழுப்பு, பாருங்கள்!

அப்போதுதான் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. சொந்த ஊர்ப் பக்கம் போகக் கொடுத்துவைத்தவன் என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்கோ போக மனமில்லை. மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. மகளுக்குச் சண்டை போடக்கூட வங்காளம்தான் வரும். எனக்கும் இந்த ஊர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரபீர் பக்கத்து மேஜைக்காரன்; என்னை அண்ணன் முறையில் 'தாதா' என்பான். "அந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் தாதா, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாக ஊருக்குப் போங்கள்" என்றான்.

"அதெல்லாம் பெரிய சிக்கலப்பா" என்றேன். அதிகாரியிடமும் அதையே சொன்னேன். அவர் மிரண்டுபோனார். சென்னை கேட்டதோ கணினி தெரிந்த ஆள்; பிரிவில் அப்படி இருந்தவர்கள் நாங்கள் இருவர்தான்... உத்தரவில் பெயர் மாறியது. சாந்த்ராகாச்சியில் ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, கண் தெரியாத அப்பாவையும் கூட்டிக்கொண்டு பிரபீர் ரயிலேறினான்.

தூக்கம் கெட்டதா என்கிறீர்களா? இல்லை... நன்றாகத் தூங்கினேன். இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இந்த ஊர்ப் பூஜைத் திருவிழா வந்தால் மகள் தோழிகளோடு பந்தல் பந்தலாகச் சுற்றுகிறாள். மனைவி அவளைத் தேடி அலைகிறாள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒலிக்கும். "அப்பாவோடு கொஞ்சம் பேசுங்கள் தாதா... இங்கே வங்காளத்தில் பேச என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை" என்பான் பிரபீர்.

சித்தப்பா முறையில் நான் 'காக்கு' என்று கூப்பிடும் அந்தப் பெரியவருக்குக் குளிர்காலத்தில் ஒரே கேள்விதான். "எங்கள் ஏரிக்குப் பறவைகள் வந்துவிட்டனவா? சத்தம் கேட்கிறதா?" அதற்கு உண்மையாகப் பதில் சொல்லவேண்டும் என்றே சாந்த்ராகாச்சிக்குப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன். ஆம், அதில் மட்டும் உண்மை!

போன வாரம் கேட்டார்: "நீ ஏன் உன் ஊருக்குப் போகவேயில்லை?"

"மெஷின் விடவில்லை, காக்கு."

"அடப் பாவமே! உன்னையும் இப்படிப் பிடித்து வைத்துவிட்டார்களா?" எனக்காக அவர் குரல் தழுதழுத்தது.

ஆமாம் என்றேன்.