'கண்ணீருடன்' வரியில் ஜெனியின் பெயர்

1. ஒரே தேதி

ஒரே தேதிக்கு இரண்டு தாள்கள் வந்து என் மேசையில் கிடந்தன. ஒன்று பிறந்தநாள் வாழ்த்து: செல்வி ஜெனிபர், ஓரிக்கை. மற்றொன்று கண்ணீர் அஞ்சலி: மறைந்த திரு. தாஸ், அதே ஓரிக்கை. அஞ்சலியின் அடியில் வழக்கம்போல 'கண்ணீருடன்' என்று ஒரு வரி. மனைவி ஸ்டெல்லா, மகள் ஜெனிபர், தம்பி அருள். வாழ்த்தைக் கொடுத்தவர் ஸ்டெல்லா. அஞ்சலியைக் கொடுத்தவர் அருள். ஒரே குடும்பம். ஒருவர் வந்து போனது மற்றவருக்குத் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் எங்களுடையது ஒரு சின்னக் கேபிள் சேனல். தினமும் காலையில் 'இந்த நாள்' என்று ஒரு நிகழ்ச்சி. எழுதுவதும் படிப்பதும் நான். வரலாற்றில் அன்று நடந்தவை முதலில். அடுத்து, அன்று என்ன தினம். பிறகு உள்ளூர்ப் பிறந்தநாட்கள். கடைசியில் அஞ்சலி, அதற்கென்று ஒரு ஷெனாய் பிட். அது ஓய்ந்தால் நிகழ்ச்சி முடிந்தது. நான் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "கவிதயெல்லாம் வூட்ல வெச்சுக்கோபா. இங்க யாரு பொறந்தா, யாரு செத்தா, அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு உட்கார்ந்து எழுத வராது. ஸ்கிரிப்டை மனதில் போட்டுக்கொண்டு ராஜ வீதியில் நடப்பேன். ஒரு தேதியை எடுத்து உதறினால் போதும். எங்கோ ஒரு பாலம் திறந்திருக்கும், ஒரு அரசன் தோற்றிருப்பான், பின்னாளில் விஞ்ஞானியாகப் போகிற ஒரு குழந்தை பசிக்கு அழுதிருக்கும். யாரும் யாரையும் அறியார். எல்லோரும் ஒரே எண்ணின் கீழ்.

அன்றைக்கு நடை உதவவில்லை. இருவருக்கும் போன் செய்து வரச் சொன்னேன்.

2. திதியா, தேதியா

ஸ்டெல்லா பட்டுக் கடையில் சேல்ஸில் இருப்பவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அருள் ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், அண்ணியைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

"பாப்பாவோட ரெண்டாவது பர்த்டேக்கு கேக் வாங்கத்தான் சார் வண்டிய எடுத்துக்கினு போனாரு," என்றார் ஸ்டெல்லா. "செவிலிமேடு தாண்டல. லாரி. அதுலருந்து அந்த நாளு வந்தா கல்லறைக்குப் போவோம், மாலை போடுவோம், வந்து படுத்துக்குவோம். போன வருஷம் ஸ்கூல்ல பசங்க சாக்லேட் கேட்டிருக்குதுங்க. எனக்கு பர்த்டே கெடையாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கிறா. அந்தக் கண்ணீர் லைன்ல இருந்து அவ பேர எடுத்து வாழ்த்துல போடுங்க சார். இந்த ஒரு வருஷமாச்சும்."

"பெத்த பொண்ணு பேரு இல்லாம அஞ்சலியா?" என்றார் அருள். "ஊரு இன்னா பேசும் அண்ணி?"

நான் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் பிறந்தவன். எங்களுக்கு இறந்தவர் என்றால் திதி, பிறந்தவர் என்றால் நட்சத்திரம். இங்கிலீஷ் தேதி பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும்தான். திதி ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். இதைவிட நல்ல வழி உண்டா என்று நினைத்தேன்.

"அண்ணனுக்குத் திதி பாத்து அன்னிக்கு அஞ்சலி போட்டுடலாம் அருள். இந்தத் தேதி கொழந்தைக்கு இருக்கட்டும்."

அருள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "திதியா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். என்னையே பஞ்சாங்கம் பாக்கச் சொல்றியான்னு ஃபாதர் கேப்பாரு. கல்லறைல தேதிதான் வெட்டியிருக்குது."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாரு அவங்க வூட்டு நெனப்புல சொல்றாரு, வுடு." பிறகு சிரிப்பு நின்றது. "நாள நகத்தச் சொல்லல சார். அவரு போன நாளு அதான். அதே நாள்ல இவளும் வந்தான்னு ஒருதபா சொல்லச் சொல்றேன்."

"அன்னிக்கு அந்தக் கேக்கு இல்லன்னா அண்ணன் இருந்திருக்கும்."

அருளின் வாயிலிருந்து அது தவறித்தான் விழுந்தது. விழுந்த பிறகு அவரே தரையைப் பார்த்தார்.

"அவளா கேட்டா?" ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "கேக்குன்னு சொல்லவே வராது அதுக்கு அப்போ. ஆசப்பட்டது உங்க அண்ணன். கடைசியா ஆசப்பட்டது அது ஒண்ணுதான் அருளு. அந்தக் கேக்க நாம இன்னும் வெட்டல."

அருள் திரும்பி வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லாவும் எழுந்து கடைக்குப் போய்விட்டார். இரண்டு தாள்களும் அப்படியே கிடந்தன.

3. வரிசை

அந்த நாள் காலை, ரெக்கார்டிங்குக்கு முன்னால் அருள் வந்து நின்றார். சவரம் செய்த முகம். கண் மட்டும் தூங்கியிருக்கவில்லை.

"பாப்பா பேர அழுவுறவங்கள்ல இருந்து எடுத்துடுங்க சார்."

பேனாவால் அடித்துவிட்டேன்.

"வாழ்த்துல யாரு பேரு இருக்குது?"

"அம்மா மட்டும்தான்."

"சித்தப்பான்னு என் பேர சேருங்க. அதுக்கு மேல, மொதல்ல, அண்ணன் பேர போடுங்க."

பேனா நின்றது. இத்தனை வருடத்தில் மறைந்தவர் பெயரை வாழ்த்துபவர் வரிசையில் நான் எழுதியதில்லை.

"வாழ்த்தத்தான சார் கெளம்புனாரு," என்றார் அருள். பிறகு, "இன்னொண்ணு. அஞ்சலிய முன்னாடி படிச்சிடுங்க. பாப்பா பேர மொதல்ல படிச்சா அடுத்து அவங்க அப்பா போட்டோ வரும். அவ சிரிக்கிறதுக்குள்ள அழுதுடுவா."

வரிசையை மாற்றினேன். அன்று உலகத் தண்ணீர் தினம், அதைச் சொன்னேன். ஷெனாய் ஓடியது, தாஸின் படம் வந்து போனது. ஷெனாய் ஓய்ந்த பிறகு படித்தேன்: இன்று பிறந்தநாள் காணும் செல்வி ஜெனிபர், ஓரிக்கை. வாழ்த்துபவர்கள்: அப்பா தாஸ், அம்மா ஸ்டெல்லா, சித்தப்பா அருள். குரல் ஓரிடத்தில் பிசிறியது. ரீடேக் எடுக்கவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு ஸ்டெல்லா போன் செய்தார். "அப்பா பேர படிச்சப்போ பாப்பா டிவி பக்கத்துல போய் நின்னுக்கினா சார்," என்றார்.

அதன் பிறகு எங்கள் சேனலில் அஞ்சலி முன்னால், பிறந்தநாட்கள் கடைசி. முதலாளி இரண்டு நாள் முணுமுணுத்தார், விட்டுவிட்டார். அஞ்சலி கொடுக்க வருகிறவர்களிடம் பெயர், படம், தேதி வாங்கிக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கிறேன்: அன்றைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் உண்டா? நீங்களும் கேளுங்கள். பெரும்பாலோர் இல்லை என்பார்கள். எப்போதாவது ஒருவர் தலை குனிந்துகொண்டு, "இருக்குது சார்" என்பார்.