தெருவில் கொட்டிய பிடிமண்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக எங்கள் ஊரைக் காலி செய்தபோது மற்றவர்கள் கதவு, ஓடு, ஆட்டுக்கல் என்று வண்டியில் ஏற்றினார்கள். நான் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். முப்பத்திரண்டு வீடுகளிலும் வீட்டுக்கு ஒரு படி மண் எடுத்து, அப்பாவின் பழைய மஞ்சள் வேட்டியைக் கிழித்து மூட்டை கட்டி, உள்ளே இன்னார் வீடு என்று சீட்டும் போட்டேன். "மாஸ்டருக்கு வெயிலு தலைக்கேறிடுச்சு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், இவர்களுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு திமிர் அப்போது.

அதே நாளில் பெரியப்பாவும் மண் எடுத்தார். அவர்தான் அய்யனார் கோயில் பூசாரி. எங்கள் வழக்கத்தில் சாமியை இடம் மாற்றும்போது சாமியின் காலடியிலிருந்து மூன்று கைப்பிடி மண் எடுத்து முடிந்து வைப்பார்கள். புது இடத்தில் பீடத்துக்கு அடியில் அதைப் போட்டால் சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். பிடிமண் என்பது அதுதான். முடிந்து வைக்கத் துணி கேட்டு, அந்த மஞ்சள் வேட்டியிலேயே ஒரு முழம் கிழித்து வாங்கிக்கொண்டார். அரியலூர் பக்கம் புது ஊரில் அவர் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. அதனால் பிடிமண்ணை, அங்கே கூரை போட்டு முடித்திருந்த எங்கள் வீட்டுப் பரணில் வைத்தார். என் மூட்டைகளும் அங்கேதான் இருந்தன.

இரண்டு வருடம் கழித்து, கோடை விடுமுறையில், பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தேன். தரையில் முப்பத்திரண்டு மண் கட்டங்கள், நடுவே தெரு. மூட்டைகளைப் பிரிக்கும்போது ஒன்றில் மட்டும் சீட்டு இல்லை. தெருவில் அள்ளியதாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, இருந்த கொஞ்ச மண்ணை மெல்லிசாகத் தூவித் தெருவாக்கினேன். சிவப்புச் சில்லுகள் கலந்து பார்க்க அழகாக இருந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தெருவில் நடக்கலாம் என்று எழுதியும் வைத்தேன். சென்னையிலிருந்து ஒரு கேலரிக்காரர் வந்தார். இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள் எங்கள் ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். யாருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் வீட்டுக் கட்டத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "இந்த மூலையிலதான் தம்பி எங்க அடுப்பு" என்று ஒரு அக்கா அழுதார். பெரியப்பா மட்டும் என்னை ஓரமாக இழுத்தார்.

"அடுத்த வாரம் பீடம் வைக்கிறோம்டா. பரண்ல பிடிமண்ணக் காணும். ஒன் மூட்டையோட மூட்டையா வந்துடுச்சா?"

சிவப்புச் சில்லு! அய்யனாரின் உடைந்த மண்குதிரைகளின் சில்லு அது. அந்தக் கோயிலில் விளையாடி வளர்ந்தவன், பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். நான் நிறத்தை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பப் போய் அள்ளவும் வழியில்லை. கோயில் இருந்த இடத்தில் பனைமர உயரத்துக்குப் பள்ளம். ஏதாவது ஒரு மண்ணை முடிந்து நீட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. எல்லோர் முன்னாலும் தெருவைக் காட்டி உண்மையைச் சொன்னேன்.

"சாமியத் தெருவுல கொட்டி மிதிக்க வுட்டியாடா?" பெரியப்பா உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வந்தவர்களின் கால் அந்த மண்ணை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தது. எல்லா வீட்டு மண்ணும் தெருவுக்கு வந்திருந்தது. "எது சாமி மண்ணு, எது வூட்டு மண்ணுன்னு எப்படிப் பிரிப்பேன்? சாமியில்லாம வெறும் பீடத்தையா வைக்கிறது?" என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஏன் மாமா பிரிக்கணும்? காணாமயா போச்சு, கலந்துதான போச்சு. எல்லாத்தையும் அள்ளுங்க."

பெரியப்பா அவளையே பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கட்டத்திலிருந்து முதல் கையை அள்ளினார். ஒரு பையன் விளக்குமாறு எடுத்து வந்தான். அம்மா அவனை அதட்டி அனுப்பினாள். எல்லோரும் கையாலேயே அள்ளினார்கள், நானும் அள்ளினேன். இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை, அரை மணி நேரத்தில் இரண்டு உரச்சாக்குக்குள் போய்விட்டது. வயிறு எரியும் என்று பார்த்தேன். எரியவில்லை. மூச்சு நன்றாக வந்தது. அப்படியொரு நிம்மதி. வேனில் பெரியப்பா ஒரு சாக்கை மடியிலேயே வைத்துக்கொண்டார், இறங்கும்வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினேன்.

"மண் இல்லைங்க சார்."

"வேற மண்ணுல பண்ணிடலாமே?"

"முடியாதுங்க சார்" என்று போனை வைத்தேன்.

மூன்று கைப்பிடிக்கு ஒரு சாண் குழி போதும். எங்களுக்கு இடுப்பளவு வெட்ட வேண்டியிருந்தது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். மண்ணைக் கொட்டி மூடிப் பீடத்தை நிறுத்தியதும், அடுப்பு மூலையைக் காட்டி அழுத அக்கா என்னிடம் வந்தார்.

"எங்க வூடும் உள்ளதான இருக்கு தம்பி?"

"இருக்குங்க அக்கா."

அவர் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து சாமியாவது பூதமாவது என்று பேசித் திரிந்த நானும் அவருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது பெரியப்பா என் நெற்றியில் திருநீறு பூசினார்.