வெள்ளிக்கிழமை ஆறு மணி

உலகிலேயே மகிழ்ச்சியான நாடு எங்கள் பின்லாந்துதான் என்று வருஷாவருஷம் செய்தி வரும். ரைலி அதைப் படித்துவிட்டு, "யாரைக் கேட்டாங்களாம்?" என்று நாளிதழை மடித்து வைப்பாள். முப்பத்தோரு வருஷம் குவோப்பியோ நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். காலி இருக்கை இருக்கும்வரை யாரும் இன்னொருவர் பக்கத்தில் உட்காராததை அத்தனை வருஷமும் கண்ணாடியில் பார்த்தவள். அதில் அவளுக்குக் குறை இல்லை. அவளும் அந்த ரகம்தான்.

அவளுக்கு வேண்டியது வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பொதுச் சவுனா உண்டு. வெள்ளி மாலை ஆறிலிருந்து ஏழுவரை அது அவளுடையது. சுடுகல்லில் தண்ணீரை ஊற்றி, எழும் ஆவியில் தனியாக உட்கார்ந்து, வாரம் முழுக்கச் சேர்ந்ததையெல்லாம் வியர்வையாக இறக்கிவிட்டு வருவாள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் குடியிருப்புத் தலைவன் சாந்தேரி, சவுனாவை எடுத்துவிட்டு அங்கே 'நல்வாழ்வு அறை' அமைக்கலாம் என்றான். மெத்தை நாற்காலி, நிறம் மாறும் விளக்கு. சவுனாவுக்கு வாரத்துக்கு மூன்று பேர்தானே வருகிறார்கள்?

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் கூட்டங்களில் ஒப்புக்கொள்கிறவரும் பேசமாட்டார், மறுக்கிறவரும் பேசமாட்டார்.

"எனக்கு இருக்கு," என்றாள் ரைலி. நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"சரி, மாசக் கடைசிக்குள்ள எட்டுப் பேர் நேரம் எழுதிக்கட்டும். விட்டுடறேன்."

"எழுதுவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்குக் கதவுகளைத் தட்ட வேண்டும். படிக்கட்டில் ஆள் இல்லை என்று கதவுத்துளையில் பார்த்து உறுதி செய்துகொண்டு வெளியே வருகிறவர்களின் கதவுகளை.

மூன்றாம் மாடியில் கௌகோவின் மூக்கு மட்டும் எட்டிப்பார்த்தது. பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு.

"என்ன, தீப்பிடிச்சிடுச்சா?"

"இல்ல. சவுனாவுக்கு எழுது."

"உங்களுக்கெல்லாம் இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான் நான் எழுதல."

"அடப்பாவி, கீழ் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு!"

ஆக, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே சவுனாவைக் காலியாக்கி இருந்தார்கள்.

கடைசி நாளில் ஏழு பெயர். எட்டாவதாக மேல்மாடி பின்யா, இடுப்பில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். கணவன் லாரி ஓட்டுகிறான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருப்பது வெள்ளி மாலை மட்டும். ஏழு மணிக்கு மறுபடி வண்டி எடுத்துவிடுவான்.

"வேற நாளே முடியாதா?"

"முடியாது ரைலி. வேணும்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாமே?"

"அவ்வளவு தூரத்துக்குப் போக வேண்டாம்," என்று பதறினாள் ரைலி. பெயர்த்தாளைச் சுவரில் வைத்து, ரப்பரால் தன் பெயரை அழுத்தி அழித்தாள். அங்கே பின்யா என்று எழுதிவிட்டு, புதன் எட்டு மணிக்குத் தன்னை மாற்றிக்கொண்டாள்.

தாளை வாங்கி எண்ணிப் பார்த்த சாந்தேரிக்கு முகம் சுருங்கியது. "விளக்கு வாங்கிட்டேனே!"

"உன் வீட்ல மாட்டிக்க."

வெள்ளி, மணி ஆறு. ரைலி குப்பைப் பையோடு கதவுத்துளையில் கண்ணை வைத்தாள். தோளில் துண்டோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள் பின்யா. கீழே சவுனாக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அதன்பிறகே ரைலி வெளியே வந்தாள்.