பலகையில் என் பெயர்

காலை ஆறு நாற்பதுக்குக் கைப்பேசி அடித்தது.

"சார், வணக்கங்க. ஏர்போர்ட்ல உங்க பேர் போட்ட போர்டு புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். வெளிய வந்துட்டீங்களா?"

நான் அப்போது பொம்மிடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வூட்ல இருக்கறேன். வர்றது என் மகன்" என்றேன்.

மகன் வெளிநாட்டிலிருந்து பெங்களூரில் இறங்கி, நேரே புதுச்சேரிக்குப் போக டிரைவரோடு கார் பதிவு செய்திருந்தான். அவன் மாமியாருக்கு அங்கே அறுவை சிகிச்சை. விடுப்பு பத்து நாள். பயணத்துக்கு இரண்டு, மாமியாருக்கு எட்டு. எங்களுக்கு மிச்சமில்லை, அடுத்த முறை வருவதாகச் சொல்லியிருந்தான். அவனைப் பார்த்து நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். கார் நிறுவனம் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பலகை எழுதுகிறது. உள்ளூர் எண் கேட்ட இடத்தில் மகன் என் எண்ணைக் கொடுத்திருந்தான். பெயரும் எண்ணும் என்னுடையவை, ஆள் மட்டும் அவன்.

டிரைவர் அடையாளம் கேட்டார். ஒல்லி, மீசை உண்டு, ஐந்தடி எட்டு அங்குலம் என்றேன். பதினெட்டு நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார்.

"கெடச்சிட்டாருங்க. உங்க பேரப் பாத்துக்கிட்டே ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டாரு. ஒல்லியெல்லாம் இல்லீங்க. மீசையும் இல்ல."

எந்த வழி என்று கேட்டேன். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, திருவண்ணாமலை. ஊத்தங்கரை தாண்டியதும் ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்துவார். வழியில் அது ஒன்றுதான். எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டேன். மகனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, "சரிங்கய்யா, நமக்கும் உங்க பக்கந்தான், பென்னாகரம்" என்றார்.

மனைவிக்கு முழங்கால் வலி. பேருந்துப் படி ஏற முடியாது.

"அவன் ஏசி கார்ல வர்றான். நீங்க ரோட்டோரம் நின்னு கை காட்டப் போறீங்களா, போலீஸ்காரராட்டம்?" என்றாள். சொல்லிக்கொண்டே என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

இரண்டு பேருந்து மாறி, பத்து நான்குக்கு அந்தக் கடையில் இருந்தேன். கார் பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அதற்குள் முப்பத்தொரு வெள்ளைக் கார்கள் கடந்து போயிருந்தன.

மகன் இறங்கி என்னைப் பார்த்தான்.

"என்னப்பா இங்க?"

"ஊத்தங்கரையில ஒரு வேலை."

"டீக்கடையிலயா?"

டீ குடித்தோம். மாமியாரின் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னான். அம்மாவின் முழங்காலைக் கேட்டான். ஒன்பது நிமிடம் ஆனதும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நானும் என்னுடையதைப் பார்த்தேன்.

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர்தான் சொன்னார்: "நான் திரும்பறப்ப காலியாத்தானுங்க வருவேன். ஐயா பாண்டி வரைக்கும் வந்தாங்கன்னா, சாயங்காலம் இதே எடத்துல எறக்கி வுட்டுட்டுப் போவேன்."

"கம்பெனியில ஒரு ஆளுன்னுதானே பதிவு?" என்றேன்.

"போர்டுல இருக்கறது உங்க பேருதானுங்களே."

மகன் சிரித்தான். "ஏறுங்கப்பா. வெயில் ஏறுது" என்று பின்கதவைத் திறந்தான்.

போய்ச் சேர மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. சிங்காரப்பேட்டையில் தூங்கியவன் செஞ்சி வந்த பிறகுதான் விழித்தான். அவன் தலை நான்கு முறை என் தோளில் சாய்ந்தது. நான் நகரவில்லை. நாங்கள் பேசியது மொத்தம் ஐம்பது நிமிடம் இருக்கும். அதில் பாதி, நான் சர்க்கரை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்பது. கைப்பேசியில் பேத்தியின் படங்களைக் காட்டினான். அவளுக்கு எட்டுப் பல் முளைத்திருந்தது.

மாமியார் வீட்டு வாசலில் உள்ளே கூப்பிட்டான். நோயாளி இருக்கும் வீடு, நான் சொல்லாமல் வந்தவன். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவன் கார் நின்ற தெருமுனை வரை கூடவே நடந்து வந்துவிட்டுத் திரும்பினான். டிரைவர் கடற்கரைச் சாலையில் பத்து நிமிடம் நிறுத்தினார். கடல் பளபளவென்று இருந்தது, கண் கூசியது. திரும்பும் வழி முழுவதும் பலகை முன்சீட்டில் கிடந்தது. என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

எட்டாம் நாள் மறுபடி அவர் குரல்.

"சார், நாளைக்கு உங்களுக்குப் பாண்டியிலேர்ந்து ஏர்போர்ட் டிராப் இருக்குங்க. டீக்கடைக்கு ரெண்டரைக்கு வருவேன்."

மகன் அதற்குள் உள்ளூர் எண் வாங்கியிருந்தான். அதிலிருந்து எங்களிடம் இரண்டு முறை பேசியும் இருந்தான். பதிவில் மட்டும் எண்ணை மாற்றவில்லை. மறந்தானா என்று நான் கேட்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

"கால் மணி நேரந்தானே? நீங்க ஏழரை நிமிசம் பாருங்க. நான் ஏழரை நிமிசம் பாக்கறேன்" என்றாள்.

இரண்டு பேருந்துக்கும் எப்போது கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவள் முழங்காலுக்கு நாற்பது நிமிடம் சேர்த்துக்கொண்டேன்.