அக்குளில் ஒரு ஒட்டு

அவசரத்தில் கத்தரிக்கோலைத் தொடாதே என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே?

லால்குடியில் என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் கல்யாணம். முந்தின நாள் மதியம்தான் பட்டுப் புடவையின் பிளவுஸ் துணியோடு உட்கார்ந்தேன். துணியை மடித்து பிளவுஸின் இரண்டு கைகளையும் சேர்த்து வெட்டினால் ஒன்று வலதாகவும் ஒன்று இடதாகவும் தானாக அமையும். ஜரிகைக் கரை கோணக் கூடாதே என்று தனித்தனியாக வெட்டினேன். இரண்டுமே இடது கை! ஒன்றை உள்வெளியாகத் திருப்பினால் ஜரிகையின் பின்புற நூல் பல்லிளிக்கும். ஸ்ரீரங்கத்துக் கடைகளில் அதே நிறத்தைத் தேடி அலையப் பொறுமையில்லை.

"காலைல அஞ்சு மணிக்கே கிளம்பணும்" என்று வீட்டுக்காரர் மூன்றாம் முறையாக நினைவுபடுத்தினார்.

"தெரியுது, சும்மா இருங்க!" என்று கத்திவிட்டு, ஒரு இடது கையையே வலது பக்கம் வைத்துத் தைத்து, அக்குளில் துணி பற்றாத இடத்துக்கு வெட்டி மிஞ்சிய துண்டை ஒட்டுப் போட்டேன்.

மண்டபத்தில் எல்லோரும் கையை உயர்த்தி அட்சதை போட்டார்கள். நான் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வீசினேன். அது முன்வரிசைப் பெரியவரின் வழுக்கையில் விழுந்தது. என் தையலில் எப்போதும் குறை கண்டுபிடிக்கும் நாத்தனார் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்ன அண்ணி, கையத் தூக்கவே மாட்டேங்குறீங்க?" என்றபடி அவள் தன் கையை உயர்த்தினாள். அவளுக்கும் வலது அக்குளில் ஒட்டு. அதுவும் வேறு நிறத் துணியில்.

மிச்சமிருந்த அட்சதையைக் கையை நன்றாகத் தூக்கிப் போட்டேன்.