பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

போன மாதம் மகள் தோகாவிலிருந்து விடுமுறையில் வந்தாள். சொக்லட் பெட்டிகளுக்கும் அத்தர்ப் போத்தல்களுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு டிஸ்க் வைத்திருந்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. கீறல்களை எல்லாம் துடைத்து, ஒலியைச் சுத்தப்படுத்தி, புதிய உறையில் வெளியிட்டிருக்கிறார்கள். "வாப்பா, நீங்க சொல்ற ஸ்பை படம் இதுதானே?" என்று கேட்டாள். உறையில் மழைக்கோட்டு அணிந்த ஒருவன் ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான். உறையைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் மணத்தது. எனக்கு மட்டும் அதற்குள் ஸ்பிரிட் மணத்தது.

ஸ்பிரிட் என்றால் எனக்கு யோகண்ணன். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் தாதி கையைத் துடைக்கும்போதும் அவர் ஞாபகம்தான் வரும். தமிழ் ஊரான பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு வழியாகக் கல்முனைக்கு வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் வருவார். வீடியோ டெக் திருத்துவது அவர் தொழில். கடற்காற்றில் எங்கள் ஊர் டெக்குகளில் நாடாவைப் படிக்கும் ஹெட் சீக்கிரம் பழுதாகும். படத்தில் கோடு விழும். அவர் மூடியைக் கழற்றி, மெல்லிய தோல் துண்டில் ஸ்பிரிட்டைத் தொட்டு, கண்ணாடியைத் துடைப்பதுபோலத் துடைப்பார். பல் வைத்தியர்கள் வைத்திருப்பது மாதிரி நீண்ட காம்புள்ள சின்னக் கண்ணாடி ஒன்றும் அவரிடம் இருந்தது. அதை உள்ளே விட்டுத் தலையைச் சரித்துப் பார்ப்பார். பேசமாட்டார். பேச வைப்பதற்காகவே நான் அருகில் போய் நிற்பேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். வாய்க்கால் உடைந்தது, மாடு மோதிப் பஸ் தாமதமானது, புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது என்று எட்டு வரி, பத்து வரிச் செய்திகளை எழுதுவேன். பெயர், வயது, இடம், நேரம் நான்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது செய்தி ஆசிரியர் எனக்குக் கற்பித்த ஒரே பாடம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். யாரும் கேட்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும்.

நான் வழக்கமாக இருப்பது நௌபர் காக்காவின் வீடியோக் கடையில். எங்களில் அண்ணன்மாரைக் காக்கா என்போம். ஒன்பது வருடம் சவூதியில் தம்மாமில் லொறி ஓட்டிவிட்டு இரண்டு டெக்கோடும் ஒரு பெட்டிக் கொப்பியோடும் வந்து கல்முனைக்குடியில் கடை போட்டவர் அவர். படக் கசெட்டைக் 'கொப்பி' என்றுதான் சொல்வோம். அந்தப் பெட்டியில் இந்தப் படமும் இருந்தது. அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ரீவியிலிருந்து பதிவு செய்தது. வசனம் ஏதோ ஐரோப்பிய மொழி, கீழே அரபு எழுத்து.

அந்த அரபு எழுத்தால் கடை வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கடைக்குப் பின்னால் குடியிருந்த நௌபர் காக்காவின் உம்மா, படம் ஓடும்போது உள்ளே வந்தால் உடனே முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார். திரையில் ஒருவன் சிகரட் பிடித்துக்கொண்டிருப்பான். கீழே எழுத்து ஓடும். "ஓதல் எழுத்து மனே, கொப்பிய நிலத்தில வைக்காதீங்க" என்று ஒருநாள் சொன்னார், அரபு எழுத்து என்றாலே அவருக்குக் குர்ஆன். அன்றிலிருந்து மற்றக் கொப்பிகள் தரையில் கிடக்க, இது மட்டும் மேல் தட்டில் இருந்தது.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப்படாத ஒரு குளிர்ந்த நகரம். வானிலை அலுவலகத்தில் ஒருவன் வேலை செய்கிறான். தான் வீட்டில் பேசுவதெல்லாம் யாருக்கோ போய்ச் சேர்கிறது என்று அவனுக்குத் தெரியவருகிறது. யார் சொல்வது? மனைவியா, மேல்மாடிக்காரரா, கூட வேலை செய்கிற நண்பனா, பழுதான ரேடியோவை எடுத்துக்கொண்டுபோன திருத்துகிறவனா? ஒவ்வொருவராகச் சந்தேகிக்கிறான். ஒவ்வொருவரிடமாகப் பேசுவதை நிறுத்துகிறான். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் கரையில் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் ஊர் முடிந்து தமிழ் ஊர் தொடங்கும் இடமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், இடையில் இராணுவத்தின் காவலரண், சென்றி. யார் எங்கே நின்று யாரோடு பேசினார் என்பதை எல்லாப் பக்கத்திலும் யாரோ கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் படத்துக்கு முடிவு இல்லை. பதிவு செய்த நண்பர், வாங்கு சொன்னதும் டெக்கை நிறுத்திவிட்டுத் தொழப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ரீவியில் செய்தி. கடைசிப் பத்து நிமிடம் போயே போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. கதாநாயகன் இருட்டான படிக்கட்டில் ஏறுகிறான். அதோடு திரையில் வெள்ளைப் புள்ளிகள்.

லுஹர், அஸர் தொழுகைகளுக்கு இடைப்பட்ட பிற்பகலில் கடையின் பின்னறையில் படம் போடுவார்கள். நௌபர் காக்கா ரீவிக்குப் பக்கத்தில் நின்று அரபைப் படித்துத் தமிழில் சொல்வார். கூட்டம் கூடியது. மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் கொப்பி கேட்டார்கள். கொப்பியோடு நௌபர் காக்காவையும் அனுப்ப முடியாதே. அவருடைய குரலைப் படத்தின் மேலேயே பதிந்துவிடலாம் என்று வழி சொன்னவர் யோகண்ணன்தான். ஒரு மைக்கைப் பற்றவைத்து இரண்டு டெக்கையும் இணைத்தார். ஒரு பகல் முழுக்கக் கடையைப் பூட்டிப் பதிந்தார்கள். நானும் இருந்தேன். என் வேலை, தெருவில் ஹோர்ன் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவது.

வெள்ளைப் புள்ளிகள் வந்ததும் நௌபர் காக்கா நிறுத்தவில்லை. முடிவு இல்லாத படத்தை யார் எடுப்பார்கள்? புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்க, அவர் தொண்டையைச் செருமி, கதாநாயகன் கதவைத் திறந்தான், ரேடியோத் திருத்துகிறவன் உள்ளே நின்றான், அவன்தான் இத்தனை நாளும் செய்தி கொடுத்தவன் என்று சொல்லி முடித்தார். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

யோகண்ணன் மைக்கை அணைத்தார். "எண்ட ஆளையே மாட்டிவிட்டீங்களே முதலாளி" என்றார்.

"ஆரையாவது மாட்டத்தானே வேணும் யோகன்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்ததை நான் எழுதாமல் விடலாம். ஊரில் யாருக்கும் அது ஞாபகமில்லை. ஒரு காலை, சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யோகண்ணனின் சைக்கிள் திரும்புவதைக் கண்டு நான் சொன்னேன்: "யோகன் வாறார், கதையக் குறைங்க." எல்லோரும் படம் பார்த்தவர்கள். கடையே சிரித்தது. யோகண்ணனும் சிரித்துக்கொண்டே பிளேன்டீ வாங்கிக் குடித்தார். நான் எழுதிய எந்தச் செய்தியும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு வாரத்தில் அது ஊர் வாக்கியமாகிவிட்டது. சலூனில் சொன்னார்கள், மீன் சந்தையில் சொன்னார்கள். அவருக்கே 'ஸ்பை' என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக் கையை அசைப்பார்.

பிறகு வடக்கே வீதியில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. விபரம் இங்கே வேண்டாம். நானே எழுதி அனுப்பினேன், எட்டு வரி. சில நாள் வீதி மூடியிருந்தது. திறந்தபின் யோகண்ணன் மறுபடியும் வந்தார். தேத்தண்ணிக் கடையில் அவர் நுழைந்ததும் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கதையை மட்டும் குறைத்தார்கள். அவர் பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மேசையில் மிஞ்சியிருந்த அந்தக் கிளாஸ் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்கு அடுத்த கிழமை, சென்றிக்கு அருகில் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போகும்போது, எதிரே வந்த லொறியிலிருந்து யாரோ பழைய பழக்கத்தில் "ஸ்பை, எங்க போறீங்க?" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மூன்று மொழியிலும் ஒரே அர்த்தம். சென்றியில் நின்றவர்கள் அவரை நிறுத்தினார்கள். பையைக் கொட்டினார்கள். வயர், பற்றவைக்கும் கோல், சின்ன மைக் ஒன்று. அவரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை யோகண்ணனின் மனைவி கடைக்கு வந்து நின்றார். அழவில்லை. "படத்துப் பேர்தான் எண்டு நீங்க போய்ச் சொன்னா விடுவாங்க" என்று மட்டும் சொன்னார். நௌபர் காக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் தெரியும். சட்டைப் பையில் அட்டை இருந்தது. மேல் தட்டிலிருந்து கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் முகாமுக்குப் போனோம்.

பொறுப்பாக இருந்த அதிகாரி நடுத்தர வயது. கடுமையாகப் பேசவில்லை, எங்களை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். படம், ஊரில் அது ஓடியது, நான் சொன்ன பகிடி, அதிலிருந்து வந்த பட்டப்பெயர். அவர் கொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். படத்தில் அந்த ஆள் யார் என்று கேட்டார். ரேடியோத் திருத்துகிறவன் என்றேன். கடைசியில் அவனுக்கு என்ன ஆகிறது என்று கேட்டார்.

கொப்பி மேசையில் இருந்தது. அதற்குள் நௌபர் காக்காவின் குரல் இருந்தது. நான் வேறு முடிவு சொல்லி, அவர்கள் இதைப் போட்டுப் பார்த்து, தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டால் பொய் பிடிபடும். பிடிபட்டால் மூன்று பேரும் உள்ளே. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன். பெயர், வயது, இடம், நேரம். அவன்தான் உளவாளி என்று தெரியவரும் என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். கொப்பியைத் திருப்பித் தந்தார். அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

யோகண்ணனைப் பதினொரு நாள் கழித்து விட்டார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பகலில் கடைக்கு வந்தார். சைக்கிள் இல்லை, பையும் இல்லை. வலது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்திருந்தார். மறந்து விட்டுப்போன அந்தக் காம்புக் கண்ணாடியை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னார். நௌபர் காக்கா நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார்.

"தம்பி, நீங்க போய்க் கதைச்சீங்களாம்" என்றார் என்னைப் பார்த்து.

"ஓம் அண்ண."

"படத்தில உள்ளதத்தானே சொன்னீங்க."

கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். பிறகு அவர் கல்முனைக்கு வரவில்லை. குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அங்கிருந்து வெளிநாடு என்றார்கள். இல்லை என்றும் சொன்னார்கள். செய்தியாளனாக இருந்தும் நான் விசாரிக்கவில்லை.

நௌபர் காக்கா அந்தக் கொப்பியைப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. எறியவும் உம்மா விடவில்லை, ஓதல் எழுத்து இருக்கிறதே. மேல் தட்டிலேயே இருந்தது. சுனாமியில் கடல் வந்த நாளில் தட்டும் போனது, கொப்பியும் போனது. உம்மாவும் அன்றுதான் போனார்.

மகள் திரும்பிப் போன பிறகு, ஒரு பகலில் தனியாக டிஸ்க்கைப் போட்டேன். படம் அவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கொப்பியில் இருட்டாகத் தெரிந்த படிக்கட்டில் உண்மையில் ஒரு விளக்கு எரிகிறது. அவன் ஏறி, அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறான். கதவு தட்டப்படுகிறது. திறக்கவில்லை. வெளியே, திருத்திய ரேடியோவோடு அந்தத் தொழிலாளி மழையில் நனைந்து நிற்கிறான். மறுபடி தட்டுகிறான். காத்திருக்கிறான். பிறகு தன் கோட்டைக் கழற்றி ரேடியோவைச் சுற்றி வாசலில் வைத்துவிட்டு, சட்டையோடு தெருவில் இறங்கி நடக்கிறான். உள்ளேயிருப்பவன் இரண்டு விரலால் திரையை விலக்கி அவன் போவதைப் பார்க்கிறான். யார் உளவாளி என்று படம் சொல்வதில்லை.

கல்முனைக்குடிக்குத் தொலைபேசி எடுத்தேன். நௌபர் காக்காவுக்கு எழுபது ஆகப்போகிறது. அதே இடத்தில் கட்டிய புதுக் கடையில் மகன் போனுக்கு உறை விற்கிறான். முடிவைச் சொன்னேன்.

"அந்தப் பத்து நிமிசத்தில என்ன கதைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"ஒண்டும் கதைக்கல்ல காக்கா. ஆருமே கதைக்கல்ல."

மறுபடி போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பத்து நிமிடத்தில் ஒரு சொல் இல்லை. எங்கள் கொப்பியில் அது இருந்திருந்தாலும் அரபு எழுத்து ஒரு வரிகூடக் கீழே வந்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பெரியநீலாவணைக்குப் போனேன். கடற்கரையோரம் யோகண்ணனின் வீடு இருந்த ஒழுங்கையைத் தேடினேன். ஒழுங்கையே இல்லை, மணலும் சில தென்னைகளும். வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் டெக் திருத்தும் யோகண்ணன் என்று கேட்டேன். அவர் இளவயதுக்காரர். டெக் என்றால் என்ன என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.